நடை பயிற்றும் கைகள்

உரைநடைப் பகுதி

நுழையுமுன்

குழந்தை முதன்முதலாக நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கும்போது வீடே கூடி மகிழ்கிறது. விழுந்தால் தூக்கிவிடத் தாயின் கைகள் அருகிலேயே இருக்கின்றன. ஆனால், எழுபது வயதில் அறுவை மருத்துவத்திற்குப் பின் ஒருவர் மீண்டும் நடக்கக் கற்க நேர்ந்தால் அவர் அருகில் நிற்பவர் யார்? அவ்வாறு நிற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் உள்ளனர். அமெரிக்க நாட்டில் அத்தொழிலுக்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. மருத்துவரும் உதவியாளரும்

நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ உடலின் இயக்கம் குன்றும்போது, உடற்பயிற்சி, வெப்பம், குளிர், நீர், மின்தூண்டல், கைத்தொடுகை ஆகியவற்றால் அவ்வியக்கத்தை மீட்கும் முறையே இயன்முறை மருத்துவம் ஆகும். பேச்சு வழக்கில் நாம் இதனைப் பிசியோதெரபி என்கிறோம். அமெரிக்கர் இதனைப் பிசிக்கல் தெரபி என்பர்.

அமெரிக்காவில் இத்துறையில் இரு நிலையினர் பணியாற்றுகின்றனர். ஒருவர் இயன்முறை மருத்துவர். அவர் இளநிலைப் பட்டத்திற்குப் பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பயின்று, இத்துறைக்குரிய டாக்டர் பட்டம் பெறுகிறார். நோயாளியை ஆராய்வதும், குறைபாட்டைக் கண்டறிவதும், சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் அவருடைய பொறுப்பு. மற்றொருவர் இயன்முறை உதவியாளர். மருத்துவர் வகுத்த திட்டத்தை அவருடைய மேற்பார்வையில் நாள்தோறும் நோயாளியின் உடலில் செயற்படுத்துபவர் இவர். நோயாளியை எழுப்பி நிறுத்துதல், நடை பயிற்றுதல், மூட்டு மடங்கும் அளவைக் கணக்கிடுதல், முன்னேற்றத்தைக் குறித்து வைத்தல் ஆகியன இவருடைய பணிகள். திட்டத்தைத் தாமாக மாற்றும் உரிமை இவருக்கு இல்லை. ஆயினும் நோயாளியோடு மிகுதியான நேரம் செலவிடுபவர் பெரும்பாலும் இவரே.

2. போரும் நோயும் வளர்த்த துறை

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917ஆம் ஆண்டு இறங்கியது. காயமுற்ற வீரர்கள் பல்லாயிரவர் நாடு திரும்பினர். அவர்களுடைய உயிரை அறுவை மருத்துவர்கள் காத்தனர். ஆனால் விறைத்த கையையும் வலுவிழந்த காலையும் மீண்டும் இயங்கச் செய்ய வேறு பயிற்சி தேவைப்பட்டது. அப்பணிக்காக இராணுவம் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தது. அவர்கள் 'மறுசீரமைப்பு உதவியாளர்' என அழைக்கப்பட்டனர். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மேரி மெக்மில்லன் அவர்களுள் முன்னோடியாவார். 1921ஆம் ஆண்டு இத்துறையினருக்கெனச் சங்கம் ஒன்று தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

பின்னர் இளம்பிள்ளைவாத நோய் இத்துறையை மேலும் வளர்த்தது. 1921ஆம் ஆண்டு, தம் 39ஆம் வயதில், அந்நோயால் கால்களின் வலுவை இழந்த பிராங்கிளின் ரூசுவெல்ட், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்சு என்னும் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் நீர்ப்பயிற்சி பெற்றார். அவரே 1933இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1952ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 1955இல் ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி புழக்கத்திற்கு வந்தபின் அக்கொடுமை தணிந்தது.

நோய் தணிந்தாலும் தேவை தணியவில்லை. 1965ஆம் ஆண்டு முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. பக்கவாதத்தாலும் எலும்பு முறிவாலும் துன்புற்ற முதியோர் பலர் சிகிச்சை நாடி வந்தனர். நெடுங்காலம் பயின்ற மருத்துவர்களின் எண்ணிக்கை அவர்களுக்குப் போதவில்லை. எனவே, குறுகிய காலத்தில் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட உதவியாளர் தேவை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1967ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் மயாமியிலும் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிசிலும் இதற்கான முதல் இரு பாடத்திட்டங்கள் தொடங்கப்பட்டன. 1969இல் முதல் அணியினர் 15 பேர் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

3. அனைவருக்கும் திறந்த கதவு

இவ்வுதவியாளர்களுள் பலரை உருவாக்குபவை சமுதாயக் கல்லூரிகள் ஆகும். 1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியே அமெரிக்காவின் அரசுசார் சமுதாயக் கல்லூரிகளுள் மிகப் பழையது. இன்று அத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன.

பெரிய பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட இங்குக் கட்டணம் குறைவு. மாணவர் பலர் தம் வீட்டிலிருந்தே வந்து செல்வர். மாலை வகுப்புகளும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞரும், பணியிழந்த நாற்பது வயதுக்காரரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாயும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்வதை இங்குக் காணலாம். அண்மையில் அந்நாட்டில் குடியேறியோர் ஆங்கிலம் கற்கவும் இக்கல்லூரிகளை நாடுகின்றனர். இந்தியாவிலும் 1990களின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின.

கல்லூரியின் கதவு அனைவருக்கும் திறந்திருந்தாலும், இயன்முறை உதவியாளர் வகுப்பில் இடம்பெறுவது எளிதன்று. இடங்கள் சிலவே. உடற்கூறியல், ஆங்கிலம், கணிதம், உளவியல் ஆகிய பாடங்களை முன்னரே முடித்து நல்ல மதிப்பெண் பெற்றவர்களே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றனர்.

4. உடல் என்னும் நூல்

அத்தகைய கல்லூரி ஒன்றில் சேர்ந்த மாணவி ஒருவரை நம் கற்பனையில் காண்போம். அவருக்கு வயது முப்பத்து நான்கு. இரு பிள்ளைகளின் தாய். பல ஆண்டுகள் கடையொன்றில் பணம் வாங்கும் இடத்தில் நின்று பணிபுரிந்தவர். பக்கவாதத்தால் வீழ்ந்த தம் தந்தையை ஓர் உதவியாளர் மூன்று மாதங்களில் கைத்தடியுடன் நடக்கச் செய்ததைக் கண்ட நாளில், 'இத்தொழிலைக் கற்க வேண்டும்' என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

படிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுகள். பெரும்பாலும் ஐந்து பருவங்கள். அதில் முக்காற்பங்கு வகுப்பறையிலும் பயிற்சிக் கூடத்திலும், காற்பங்கு மருத்துவமனை முதலிய இடங்களிலும் நடைபெறும்.

முதற்பருவத்தில் மனித உடலே பாடநூல். 206 எலும்புகள், 600க்கும் மேற்பட்ட தசைகள். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது, அது சுருங்கினால் எந்த மூட்டு எவ்வாறு அசையும் என்பவற்றை மாணவி மனத்தில் இருத்த வேண்டும். பெயர்கள் பலவும் இலத்தீன் மொழியைச் சார்ந்தவை. அவர் அவற்றைச் சிறு அட்டைகளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். பாத்திரம் துலக்கும் நேரம் தோள்பட்டைத் தசைகளுக்கு. துணி மடிக்கும் நேரம் முழங்கை நரம்புகளுக்கு.

அடுத்து அளவைகளைக் கற்றார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோனியோமீட்டர் என்னும் இரு கைகளையுடைய கோணமானியால் அளப்பர். நேராக நீட்டிய முழங்கால் 0 பாகை. நலமான முழங்கால் ஏறத்தாழ 135 பாகை வரை மடங்கும். நாற்காலியிலிருந்து இயல்பாக எழுவதற்கே ஏறத்தாழ 90 பாகையோ அதற்கு மேலோ தேவை. தசையின் வலிமைக்கும் மதிப்பெண் உண்டு. சிறிதும் சுருங்காத தசைக்கு 0. முழு எதிர்ப்பையும் தாங்கும் தசைக்கு 5. புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் முழு அளவில் அசையக்கூடிய தசைக்கு 3.

கைத்தடியைப் பிடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. வலக்கால் வலுவிழந்தவர் கைத்தடியை வலக்கையில் பிடிப்பதே பொருத்தம் என்று பலரும் எண்ணுவர். அது தவறு. இடக்கையிலேயே பிடிக்க வேண்டும். வலுவிழந்த வலக்கால் ஊன்றும்போது எதிர்ப்பக்கத்துக் கைத்தடியும் ஊன்றினால், இடுப்பின் மீது விழும் சுமை குறைகிறது. படியேறும்போது வலுவான கால் முதலில் மேலே செல்ல வேண்டும். இறங்கும்போது வலுவற்ற கால் முதலில் கீழே செல்ல வேண்டும். உடலை உயர்த்தும் வேலையையும், மெல்லத் தாழ்த்தும் வேலையையும் வலுவான காலே ஏற்கிறது என்பது இதன் காரணம்.

5. பூட்டப்படாத சக்கரம்

பயிற்சிக் கூடத்தில் மாணவர்களே ஒருவருக்கொருவர் நோயாளியாக நடிப்பர். ஒவ்வொரு திறனையும் ஆசிரியர் முன் செய்து காட்டித் தேர்ச்சி பெற்ற பின்னரே உண்மையான நோயாளியைத் தொட முடியும்.

அன்று, சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கட்டிலுக்கு மாற்றும் தேர்வு. மாணவி தம் பெயரைக் கூறினார். செய்யப்போவதை விளக்கி ஒப்புதல் கேட்டார். நோயாளியின் வலுவான பக்கம் கட்டிலை ஒட்டி அமையுமாறு நாற்காலியை நிறுத்தினார். காற்பலகைகளை விலக்கினார். இடுப்பில் பிடிப்புப் பட்டையைக் கட்டினார். நோயாளியை இருக்கையின் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களைப் பின்னிழுத்து ஊன்றச் செய்தார். "மூன்று எண்ணியதும் எழுவோம்" என்றார்.

"நிறுத்துங்கள்" என்றார் ஆசிரியர்.

வலப்பக்கத் தடை பூட்டப்பட்டிருந்தது. இடப்பக்கத் தடை பூட்டப்படவில்லை. நோயாளி எழுந்திருந்தால் நாற்காலி சுழன்று பின்னோக்கி நகர்ந்திருக்கும்.

மற்ற செயல்கள் அனைத்தும் செம்மையாக இருந்தும் அத்தேர்வில் அவர் தோல்வியுற்றார். பாதுகாப்புக்குரிய செயலில் பிழை நேர்ந்தால் பிற மதிப்பெண்கள் அதை ஈடுசெய்யமாட்டா. மறுவாரம் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் வகுப்பில் தொடர்வதே ஐயம்.

அன்றிரவு வீட்டில் மூத்த மகன் நோயாளியானான். சாப்பாட்டு மேசையின் நாற்காலி சக்கர நாற்காலி ஆயிற்று. அதற்குத் தடைகள் இல்லை. எனவே சிறுவன் தன் இரு கைகளையும் இருபுறமும் நீட்டி, "இவைதாம் பூட்டுகள்" என்றான். தாய் இரு கைகளையும் தொட்டு அழுத்திய பின்னரே அவன் எழ இசைந்தான். மறந்த ஒருமுறை, "அம்மா, இடப்பக்கம்!" என்று கூவினான். இருபது முறை எழுந்து அமர்ந்தபின் அவன் நாற்காலியிலேயே உறங்கிப்போனான். மறுவாரத் தேர்வில் அவர் கைகள் முதலில் இரு தடைகளையும் தேடிச் சென்றன.

6. எல்லை அறிந்த கை

இறுதிப் பருவங்களில் மாணவர்கள் மருத்துவமனை, முதியோர் இல்லம், வெளிநோயாளர் நிலையம் ஆகியவற்றில் முழுநேரக் களப்பயிற்சி பெறுகின்றனர். அது பொதுவாகப் பதினாறு வாரங்கள் நீளும். அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் எப்போதும் உடனிருப்பார்.

மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். அவருடைய படுக்கையறை மாடியில் இருந்தது. அறுவைக்குப் பின் அவர் கீழ்த்தளத்துச் சாய்விருக்கையிலேயே உறங்கினார். "என் மனைவி மாடியில், நான் கீழே. நாற்பது ஆண்டுகளில் இப்படி இருந்ததில்லை. எனக்குப் பன்னிரண்டு படிகள் ஏற வேண்டும், வேறொன்றும் வேண்டாம்" என்றார் அவர். மருத்துவர் அதையே சிகிச்சையின் இலக்காக எழுதினார்.

முதல் நாள் முழங்கால் 65 பாகை மடங்கியது. அடுத்த வாரம் 78. அதற்கடுத்து 86. ஒவ்வொரு நாளும் நோயாளி சொன்னது, கண்டும் அளந்தும் அறிந்தது, முன்னேற்றத்தின் நிலை, அடுத்துச் செய்யவேண்டியது என நான்கு பகுதிகளாக மாணவி குறிப்பு எழுதினார். எழுதப்படாத சிகிச்சை நடைபெறாத சிகிச்சையாகவே அங்குக் கருதப்படும்.

ஒரு திங்கட்கிழமை அவர் சற்றே நொண்டியபடி வந்தார். "கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பயிற்சி செய்தால் சரியாகிவிடும். தொடங்குவோம்" என்றார். மாணவி காலைப் பார்த்தார். அறுவை நடந்த காலின் கெண்டைப்பகுதி மறுகாலைவிட வீங்கியிருந்தது. சிவந்து, தொட்டபோது வெப்பமாகவும் இருந்தது. வெள்ளியன்று அவ்வாறு இல்லை என்பதற்கு அவருடைய குறிப்பே சான்று.

அறுவைக்குப் பின் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைவதுண்டு என்பதை அவர் படித்திருந்தார். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆனால் இது அதுதானா என்று முடிவு செய்வது அவருடைய வேலை அன்று. பிடிப்பு என்று எண்ணிப் பிசைந்துவிடுவதும் அவருடைய வேலை அன்று. மாறுதலைக் கண்டவுடன் நிறுத்துவதும், உரியவரிடம் உடனே தெரிவிப்பதுமே அவருடைய வேலை.

"இன்று பயிற்சி வேண்டாம், ஐயா. மருத்துவர் முதலில் உங்கள் காலைப் பார்க்க வேண்டும்" என்றார்.

"நீங்கள் மாணவிதானே! ஒரு நாள் போனால் ஒரு வாரம் பின்தங்குவேன்" என்று முதியவர் சினந்தார்.

மாணவியின் முகம் வாடியது. ஆயினும் அவர் பயிற்சியைத் தொடங்கவில்லை. வழிகாட்டியிடம் கூறினார், வழிகாட்டி மருத்துவரை அழைத்தார். மருத்துவர் ஆராய்ந்து, முதியவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். மீயொலிச் சோதனையில் சிரையில் உறைகட்டி இருப்பது உறுதியாயிற்று. தக்க மருந்துகள் அளிக்கப்பட்டன.

சில வாரங்களில் அவர் மீண்டும் வந்தார். சினந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, மாணவியும் பேசவில்லை. இருவரும் பயிற்சிப் படிகளின் முன் நின்றனர். மாணவி பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே, அவருக்குப் பின்புறமாகச் சற்றுப் பக்கவாட்டில் நின்றார். "எந்தக் கால் முதலில்?" என்று கேட்டார். "வலுவான கால்" என்றார் முதியவர். நான்கு படிகள் ஏறினார். மறுநாள் எட்டு. களப்பயிற்சி முடியும் வாரத்தில் ஒரு நாள் காலையில் வந்தவர், "நேற்று மாடியில் உறங்கினேன்" என்று மட்டும் கூறினார். மாணவி அதைக் குறிப்பேட்டில், நோயாளி சொன்னது என்னும் பகுதியில், அவ்வாறே எழுதினார்.

7. உரிமம்

கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது. ஏற்புப் பெற்ற பாடத்திட்டத்தில் பயின்றவர்கள் நாடு தழுவிய தேர்வொன்றை எழுத வேண்டும். அதன் மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் கணக்கிடப்படும். தேர்ச்சிக்கு 600 வேண்டும். அதன்பின் தாம் பணியாற்றும் மாநிலத்தின் உரிமம் அல்லது சான்றிதழைப் பெற வேண்டும். பிறர் உடலைத் தொடும் தொழில் என்பதால் இத்தனை வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது.

8. வேலூரின் சுடர்

அமெரிக்காவில் வளர்ந்த இம்மறுவாழ்வுத் துறைக்கும் தமிழ்நாட்டிற்கும் இணைப்பு ஒன்று உண்டு. கேரளத்தில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்தியாவில் இயன்முறை மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இத்துறை உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க வழிசெய்தது.

உதவியாளர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிலர் அதைச் சிறிய பணி எனக் கருதுவர். மாடியில் உறங்கிய அம்முதியவர் அவ்வாறு கருதமாட்டார்.

சொல்லும் பொருளும்

குன்றுதல் – குறைதல்
ஆயத்தம் – முன்னேற்பாடு
துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல்
இசைதல் – உடன்படுதல்
கெண்டைக்கால் – முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள தசைப்பகுதி
சிரை – இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்
ஊறு – தீங்கு
மீயொலி – மனிதச் செவிக்குக் கேட்காத மிகை அதிர்வெண் ஒலி

இலக்கணம் அறிவோம்: வினைத்தொகை

ஊன்றுகோல் என்னும் சொல்லைக் காண்க. ஊன்றிய கோல், ஊன்றுகின்ற கோல், ஊன்றும் கோல் என முக்காலத்திற்கும் இது பொருந்துகிறது. காலம் காட்டும் இடைநிலை மறைந்து, வினைப்பகுதியும் பெயரும் சேர்ந்து ஒரு சொல் போல நிற்பது வினைத்தொகை ஆகும்.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சிகிச்சைத் திட்டத்தை வகுப்பவர் (உதவியாளர் / இயன்முறை மருத்துவர் / மாணவி)
2. உதவியாளருக்கான முதல் பாடத்திட்டங்கள் தொடங்கப்பட்ட ஆண்டு (1921 / 1955 / 1967)
3. இடக்கால் வலுவிழந்தவர் கைத்தடியைப் பிடிக்க வேண்டிய கை (இடக்கை / வலக்கை / இரு கைகளும்)

ஆ. பிரித்து எழுதுக.

1. கைத்தடி  2. நாற்காலி  3. மீண்டெழுந்தார்  4. பயிற்சிக்கூடம்

இ. வினைத்தொகைகளை மட்டும் எடுத்தெழுதி முக்காலத்திற்கும் விரித்துக் காட்டுக.

குடிநீர், மரக்கட்டில், சுடுநீர், ஊறுகாய், கால்வலி, வளர்பிறை

ஈ. கீழ்க்காணும் மரபுத்தொடர்களின் பொருளை அறிந்து சொந்த வாக்கியத்தில் அமைக்க. பொருள் தெரியாதவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிக.

1. கைகொடுத்தல்  2. தோள்கொடுத்தல்  3. காலூன்றுதல்  4. கைகழுவுதல்

உ. ஓரிரு வாக்கியங்களில் விடை எழுதுக.

1. இயன்முறை மருத்துவம் என்றால் என்ன?
2. மாணவி முதல் தேர்வில் தோல்வியுற்றது ஏன்?
3. படியேறும்போது வலுவான கால் முதலில் செல்ல வேண்டியதன் காரணம் யாது?

ஊ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. மருத்துவர், உதவியாளர் ஆகியோரின் பணிகளை வேறுபடுத்திக் காட்டுக.
2. முதியவர் சினந்தபோதும் மாணவி பயிற்சியைத் தொடங்காதது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

எ. சிந்தித்து எழுதுக.

தரையில் சம்மணமிட்டு அமர்வதற்கு முழங்கால் நாற்காலியில் அமர்வதைவிட மிகுதியாக மடங்க வேண்டும். தரையில் அமர்ந்து உண்ணும் பழக்கமுடைய முதியவருக்கு மூட்டு அறுவை நடந்தால், அவர் எவற்றையெல்லாம் மீண்டும் கற்கவோ மாற்றிக்கொள்ளவோ நேரிடும்?

ஏ. செயல்திட்டம்

ஊரிலுள்ள உங்கள் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவருடன் தொலைபேசியில் தமிழில் உரையாடுக. எலும்பு முறிவோ நோயோ நேர்ந்தபின் அவர் அல்லது அவர் அறிந்த ஒருவர் மீண்டு வந்த அனுபவத்தைக் கேட்டறிக. முதலில் எதைச் செய்ய விரும்பினார், உடனிருந்து உதவியவர் யார், எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.